ஈ-கேடெரின் நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, பிரேக் அறுந்துவிட்டது என்று அர்த்தமா?

உயிரியல்_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு வயது 52. இடது மார்பில் கட்டி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு தடிப்பு மாதிரி இருக்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருடம் எடுத்த மேமோகிராமில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்ததால் நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது பயாப்ஸி ரிப்போர்ட் கையில் இருக்கிறது: இன்வேசிவ் லோபுலார் கார்சினோமா, ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், கடைசி வரியில் ஈ-கேடெரின் நெகட்டிவ். அந்தக் கடைசி வரி என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். "அது வகையைச் சொல்றது, பயப்படாதீங்க" என்றார், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தேடினால், ஈ-கேடெரின் புற்றுநோயை அடக்கும் புரதம், அது இருந்தால் செல்கள் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவாது, போய்விட்டால் ஊடுருவும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. படித்ததும் கை நடுங்கிவிட்டது. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவள்தான். கட்டி அடக்கி மரபணு என்றால் பி53, ஆர்.பி., செல் பிரிவதை நிறுத்துபவை, இவ்வளவுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. ஈ-கேடெரின் செல்லோடு செல்லை ஒட்டுகிற ஒரு பசை. பசை எப்படி அடக்கும்? ஊடுருவலைத் தடுப்பது என்பதே தனி வேலையா, பிரிவதைத் தடுப்பதன் பின்விளைவா? அப்புறம் நான் உண்மையில் கேட்க வந்தது, நெகட்டிவ் என்றால் அக்காவுக்கு ஏற்கெனவே பரவிவிட்டது என்று அர்த்தமா?

---

கண்ணாடித்தகடு:

டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதைப் படித்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். இல்லை. ஈ-கேடெரின் நெகட்டிவ் என்பது பரவிவிட்டது என்பதற்கான அடையாளம் கிடையாது. பரவியிருக்கிறதா என்பதை அக்குள் நெறிக்கட்டும் ஸ்கேனும்தான் சொல்லும், இந்தச் சாயம் சொல்லாது. உங்கள் டாக்டர் சொன்னது சரி, அவசரத்தில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நான் பேதாலஜிஸ்ட், பத்தொன்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பவன். மார்பகப் புற்றுநோயில் டக்டல், அதாவது பால்குழாய் வகை, என்பதுதான் பெரும்பான்மை. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு வருவது லோபுலார், பால்மடல் வகை. டக்டலில் செல்கள் கொத்தாக, குழாய் குழாயாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். லோபுலாரில் ஒவ்வொரு செல்லும் தனித்தனி. எறும்புச் சாரை பார்த்திருப்பீர்களே, சுவரில் ஒன்றன் பின் ஒன்றாகப் போகுமே, நார்த்திசுவின் இடுக்கில் அப்படியே ஒற்றை வரிசையாக நிற்கும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டிய ஈ-கேடெரின் இல்லாததுதான் அதற்குக் காரணம். ஏறத்தாழ பத்தில் ஒன்பது லோபுலார் கட்டிகளில் அது இருக்காது. அதனால் டக்டலா லோபுலாரா என்று சந்தேகம் வந்தால் நாங்கள் போடுகிற சாயம் இது. அக்காவின் ரிப்போர்ட்டில் அந்த வரி வந்தது இதற்காகத்தான்.

மேமோகிராமில் ஏன் தெரியவில்லை என்று உங்களுக்குள் ஒரு உறுத்தல் இருக்கும். செல்கள் ஒட்டி உருண்டு கட்டியாகச் சேராமல் சாரை சாரையாகத் திசுவுக்குள் ஊர்ந்து போவதால் படத்தில் திட்டாக விழுவது குறைவு. கைக்கும் உருண்டையாகப் படாது, தடிப்பாகத்தான் படும். லோபுலாரில் இது அடிக்கடி நடக்கிறது. அக்காவோ நீங்களோ அசட்டையாக இருந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ. தேவையா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், இந்த வகையில் கட்டியின் உண்மையான பரப்பு அதில் நன்றாகத் தெரியும். ஈ.ஆர். பாசிட்டிவ் என்பது நல்ல செய்தி, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் பசைக் கேள்விக்கு அது அவசியம். எல்.சி.ஐ.எஸ். என்று ஒரு நிலை இருக்கிறது. பால்மடலுக்குள்ளேயே இதே மாதிரி செல்கள் நிரம்பிக் கிடக்கும், ஈ-கேடெரின் அங்கேயும் சுத்தமாக இருக்காது, ஆனால் பால்மடலைச் சுற்றியிருக்கும் அடித்தளச் சவ்வைத் தாண்டி ஒரு செல்கூட வெளியே வந்திருக்காது. பல வருடம் அப்படியே கிடக்கும், பலருக்கு ஆயுள் முழுக்க வெளியே வருவதே இல்லை. பசை போனதும் ஊடுருவல் தானாக வந்துவிடும் என்றால் இந்த நிலை இருக்கவே கூடாது, இல்லையா?

---

ஆய்வகத்து_ஆந்தை:

டாக்டர் சொன்ன எல்.சி.ஐ.எஸ். உதாரணத்தை நான் திருடிக்கொள்கிறேன், எங்கள் ஜூனியர்களுக்குச் சொல்ல. நான் புற்றுசெல் நகர்வில் பி.எச்டி. செய்கிறேன், நாலாவது வருடம், ராத்திரி பதினொரு மணிக்கு செல் பார்க்கிறவன், அதனால்தான் இந்தப் பெயர்.

டீச்சர், பசை என்று நினைத்தால் புரியாது. கபடியில் ரெய்டரைப் பிடிக்க நாலு பேர் கை கோத்துச் சங்கிலியாக நிற்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஈ-கேடெரின் செல்லின் தோலைக் குத்திக்கொண்டு நிற்கிற ஒரு புரதம். வெளியே இருக்கும் பாதி பக்கத்துச் செல்லின் ஈ-கேடெரினைப் பிடிக்கும், அந்தப் பிடிக்குக் கால்சியம் வேண்டும். 1980களில் ஜப்பானின் கியோட்டோவில் மசாதோஷி தாக்கெய்ச்சி இந்தக் குடும்பத்துக்கு கேடெரின் என்று பெயர் வைத்ததே கால்சியத்தால் ஒட்டுவது என்பதைச் சுருக்கித்தான். இன்றைக்கும் எங்கள் லேபில் தட்டில் ஒட்டியிருக்கும் செல்களைப் பிரிக்க முதலில் ஊற்றுவது கால்சியத்தை உறிஞ்சும் இ.டி.டி.ஏ. தான், ஊற்றினால் கண்ணெதிரே கை விட்டு விலகும்.

உள்ளே இருக்கும் பாதிதான் எனக்குப் பிடித்தது. அதில் பீட்டா-கேட்டெனின் என்ற புரதம், அதோடு ஆல்ஃபா-கேட்டெனின், அது போய் ஆக்டின் இழைகளைப் பிடிக்கும். ஆக்டின்தான் செல்லின் எலும்பும் தசையும். செல் நகர வேண்டும் என்றால் ஆக்டினை ஒரு பக்கமாகத் தள்ளிக் கால் நீட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனோடு ஆக்டினையே சேர்த்துக் கட்டி வைத்திருக்கும்போது எந்தப் பக்கம் கால் நீட்டுவது? இன்னொன்று பி120 கேட்டெனின். ஈ-கேடெரின் இருக்கும்வரை அது செல்லின் ஓரத்தில் கட்டுண்டு கிடக்கும். ஈ-கேடெரின் போனதும் செல்லுக்குள்ளே அலைய ஆரம்பித்து, நகர்வையும் சுருக்கத்தையும் நடத்துகிற ரோ என்ற சின்னப் புரதத்தின் பாதையைக் கிளப்பிவிடும், தனியாக மிதந்தால் செத்துப்போக வேண்டிய செல்லுக்குச் சாகாமலிருக்கும் திராணியும் அதில் கிடைக்கிறது. ஆகவே இது வெறும் பிடி இல்லை, செல்லுக்கு "நீ தனியாள் இல்லை, உன் இடம் இது" என்று உள்ளே சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிற ஏற்பாடு.

பிரிவதைத் தடுப்பதன் பின்விளைவா, தனி வேலையா என்று கேட்டீர்கள். தனி வேலையும் உண்டு. அருமையான உதாரணம் பி-டென். 1997இல் பத்தாவது குரோமோசோமில் கண்டுபிடித்த மரபணு. அதன் புரதம் சவ்வில் இருக்கும் பிப்3 என்ற கொழுப்பிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி பிப்2 ஆக்கிவிடும், அதோடு வளர்ச்சிக் கட்டளை அடங்கிவிடும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் நகரும் செல்லில் பிப்3 எங்கே சேர்கிறதோ அதுதான் முன்பக்கம், அங்கேதான் கால் முளைக்கும். பி-டென் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தால் செல்லுக்கு எது முன்பக்கம் என்றே பிடிபடாது. 1998இல் அமெரிக்காவில் ஒரு குழு பி-டென்னைக் கூட்டினால் செல் நகர்வும், தரையைப் பிடிக்கும் ஃபோகல் அடிஷன் என்ற பிடிகளும் குறைகின்றன என்று காட்டியது. பிரிவது ஒரு கணக்கு, ஊர்வது இன்னொரு கணக்கு, புரதம் ஒன்றேதான்.

உங்கள் பி53-க்கும் இதில் கை இருக்கிறது. ஸ்னெயில், ஸ்லக், ஸெப்1 என்று சில புரதங்கள் ஈ-கேடெரின் மரபணுவின் மேல் உட்கார்ந்து அதை அணைத்துவிடும் (ஸ்னெயில் என்றால் நத்தை, ஸ்லக் என்றால் ஓடில்லா நத்தை, பெயர் வைத்தவர்களைக் கும்பிட வேண்டும்). ஒழுங்கான பி53 ஸ்லக்கைச் சிதைக்க ஏற்பாடு செய்யும், மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.க்களான மைக்ரோ-ஆர்.என்.ஏ.க்களில் 200, 34 வகைகளைக் கூட்டி ஸெப்1, ஸ்னெயில் இரண்டையும் அடக்கும். வேடிக்கை என்னவென்றால், கெட்டுப்போன பி53 சும்மா இருப்பதில்லை. சில மாற்றங்கள் வந்த பி53, தரையைப் பிடிக்கும் இன்டெக்ரின் புரதங்களை உள்ளே இழுத்து மறுபடி முன்பக்கத்துக்கு அனுப்பும் சுழற்சியை வேகப்படுத்தி, செல்லை இன்னும் ஊர வைக்கும். காவல்காரன் தூங்கினால் பரவாயில்லை, இது காவல்காரனே கதவைத் திறந்து விடுகிற மாதிரி.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நாங்கள் செய்வது டிரான்ஸ்வெல் சோதனை. அடியில் 8 மைக்ரான் துளைகள் உள்ள ஒரு கிண்ணம், மேலே மேட்ரிஜெல் என்ற கூழ் தடவியிருக்கும், அது எலிக் கட்டியிலிருந்து எடுப்பது, அடித்தளச் சவ்வுக்குப் பதிலாக. கூழைக் கரைத்துத் துளை வழியாக எத்தனை செல் கீழே வந்தது என்று எண்ணுவோம். இதில் ஒரு பெரிய ஓட்டை, புரதம் ஊடுருவலை அடக்காமல் வெறும் பிரிவை மட்டும் குறைத்திருந்தாலும் கீழே செல் குறைவாகத்தான் வரும். அதைத் தனியாக அளந்து கழிக்காமல் "எங்கள் புரதம் ஊடுருவலைத் தடுக்கிறது" என்று எழுதின கட்டுரைகள் ஏராளம். நானும் முதல் வருடம் அப்படி ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு கைடிடம் ஓடி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

---

மூலிகை_மைந்தன்:

சகோதரி, இவ்வளவு குழப்பிக்கொள்ள வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் பி53-ஐத் தூண்டி பரவலைத் தடுக்கும் என்று எத்தனையோ ஆராய்ச்சி வந்துவிட்டது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் மஞ்சள், மிளகோடு. அக்காவுக்கு ஆபரேஷனே தேவைப்படாது.

---

ஆய்வகத்து_ஆந்தை:

அண்ணா, அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். தட்டில் வளர்த்த செல்மேல் குர்குமினை நேராக ஊற்றினால் பல விஷயம் நடக்கும், உண்மைதான், நானும் ஊற்றியிருக்கிறேன். வாயால் சாப்பிட்டால் குடலில் உறிஞ்சப்படுவது மிகக் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும், தட்டில் ஊற்றும் அளவு ரத்தத்தில் வருவதே இல்லை. நீங்கள் சொல்கிற மிளகு வேறு, அந்தக் கல்லீரல் வேலையைத் தடுப்பது, அதனால் மற்ற மாத்திரைகளின் அளவையும் குழப்பலாம். சாம்பாரில் போடுகிற மஞ்சளுக்கு யாரும் தடை சொல்லவில்லை. ஸ்பூன் கணக்கில் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், டீச்சர்.

---

மறுபக்கம்:

ஆந்தை தம்பி நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் படிக்கிறவர்கள் ஈ-கேடெரின் இருந்தால் நல்லது, போனால் கெட்டது என்று போய்விடுவார்கள், அது பாதிக் கதை. நான் மருந்து நிறுவன ஆய்வில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், இந்த நேர்கோட்டுக் கதைகளை நம்பிக் கோடிகள் கரைந்ததைப் பார்த்தவன்.

சாதாரண டக்டல் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். நெறிக்கட்டில், ஏன் நுரையீரலில் போய் உட்கார்ந்த கட்டியில்கூட ஈ-கேடெரின் பளிச்சென்று இருக்கும். அவை பிரிந்து போவதில்லை, கூட்டமாகவே, கை கோத்தபடியே போகின்றன. இன்ஃப்ளமேட்டரி மார்பகப் புற்றுநோய் என்று ஒன்று, மிகவும் வேகமானது, அதில் ஈ-கேடெரின் நிறையவே இருக்கும். 2019இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை போட்டது. டக்டல் வகை எலி மாதிரிகளில் ஈ-கேடெரினை நீக்கினார்கள். எதிர்பார்த்தபடி செல்கள் சுற்றிலும் அதிகமாக ஊடுருவின. ஆனால் தொலைதூர உறுப்பில் புதுக் கட்டி முளைப்பது கூடவில்லை, விழுந்துவிட்டது. தனியே கிளம்பின செல்கள் வழியிலேயே ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தில் செத்துப்போயின. ஊடுருவுவதற்கு இடைஞ்சலாக இருந்த அதே புரதம் பயணத்தில் பிழைத்திருக்கத் தேவைப்படுகிறது. இதை எந்தப் பக்கம் வைப்பீர்கள், அடக்கி என்றா, உதவி என்றா?

இதனால்தான் சிலர் கட்டி அடக்கி வேறு, பரவல் அடக்கி வேறு என்று பிரிப்பார்கள். 1988இல் பட்ரீசியா ஸ்டீக் கண்டுபிடித்த என்.எம்.23 இரண்டாம் வகையில் முதல். அது இருந்தாலும் கட்டி வளரும், பரவுவதுதான் குறையும். கிஸ்1 என்று இன்னொன்று, 1996இல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் கண்டுபிடித்தார்கள், அந்த ஊரின் கிஸ்ஸஸ் சாக்லேட் நினைவாகப் பெயர். அதன் புரதம்தான் பருவமடைவதையும் ஓட்டுகிறது என்று 2003இல் தெரிந்தபோது எல்லாரும் வாயைப் பிளந்தோம்.

---

கண்ணாடித்தகடு:

மறுபக்கம் சார் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது, அதை லோபுலாருக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் டீச்சர் குழம்பிப்போவார். டக்டல் செல்லில் ஈ-கேடெரின் குறைந்தால் அது பெரும்பாலும் ஆந்தை சொன்ன மாதிரி அணைத்து வைக்கப்பட்டது, மரபணு நன்றாகவே இருக்கும், தேவைப்பட்டால் திரும்பவும் எரியும். லோபுலாரில் மரபணுவே கெட்டிருக்கும். சி.டி.எச்.1 என்ற அந்த மரபணு பதினாறாவது குரோமோசோமில் இருக்கிறது. ஒரு பிரதியில் எழுத்துப் பிழை, இன்னொரு பிரதி இருந்த குரோமோசோம் துண்டே காணாமல் போயிருக்கும். 1971இல் நட்ஸன் கண் புற்றுநோயைப் பார்த்துச் சொன்ன, இரண்டு பிரதியும் அடிபட வேண்டும் என்ற இரண்டு அடிக் கணக்கு, நீங்கள் வகுப்பில் ஆர்.பி.க்கு வரைவீர்களே, அப்படியே பொருந்தும். அதனால்தான் ஈ-கேடெரினைக் கட்டி அடக்கி என்று கூப்பிட நமக்கு உரிமை வந்தது. திரும்பப் பெறமுடியாதபடி இழந்து, அந்த இழப்போடேயே சாகாமல் வாழப் பழகின செல்கள் இவை. ஹாப்கின்ஸ் எலிகளில் திடீரென்று பிடுங்கப்பட்ட செல்லும் இதுவும் ஒன்றில்லை.

நெதர்லாந்தில் 2006இல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். எலியின் மார்பகத்தில் ஈ-கேடெரினை மட்டும் எடுத்தார்கள், கட்டி வரவில்லை. பி53-ஐ மட்டும் எடுத்தார்கள், கட்டி வந்தது, ஆனால் பெரும்பாலும் உருண்டு திரண்ட கட்டி. இரண்டையும் சேர்த்து எடுத்தபோதுதான் லோபுலார் மாதிரியே சாரை சாரையாக ஊடுருவின, குடல், வயிற்றுச் சவ்வு என்று மனித லோபுலார் போகும் இடங்களுக்கே போயின. எல்.சி.ஐ.எஸ். ஏன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டேனே, அதற்கு இது ஒரு பகுதி பதில். இன்னொரு அடக்கியும் விழ வேண்டும். மனிதரில் அது பெரும்பாலும் பி53 கூட இல்லை, பி-டென் இருக்கும் பாதைதான் அடிக்கடி அடிவாங்கியிருக்கும்.

இன்னொரு திருத்தம். ஈ-கேடெரின் போனால் பீட்டா-கேட்டெனின் விடுபட்டு நியூக்ளியஸுக்குள் போய் வளர்ச்சி மரபணுக்களைத் தட்டி எழுப்பும் என்று பல படங்களில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், டீச்சர் அதைப் பார்த்திருக்கக்கூடும். குடல் புற்றுநோயில் ஏ.பி.சி. என்ற அடக்கி மரபணு கெட்டால் அது நடக்கும். லோபுலாரில் நான் பார்த்தவரை பீட்டா-கேட்டெனினும் சேர்ந்தே காணாமல் போகிறது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் செல்லே அதைச் சிதைத்துவிடுகிறது. பி120 மட்டும் ஆந்தை சொன்னபடி, ஓரத்தை விட்டுச் செல் முழுக்க நிறைந்து தெரியும், சந்தேகமான கேஸில் அந்தச் சாயத்தையும் போட்டுப் பார்ப்போம்.

---

உயிரியல்_டீச்சர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கபடிச் சங்கிலியை அக்காவிடம் சொன்னேன், "அப்ப என் செல்லெல்லாம் கையை விட்டுட்டு தனித்தனியா ஓடுதா, என்னை மாதிரியே" என்று சிரித்தாள். இரண்டு வாரத்தில் இப்போதுதான் சிரித்தாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். மரபணுவே கெட்டது என்கிறீர்கள், அப்படியானால் எனக்கும் என் பெண்ணுக்கும் வருமா? எங்கள் வீட்டில் இதற்கு முன் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லை, பெரியப்பா ஒருவர் மட்டும் வயிற்றில் புண் என்று எழுபது வயதுக்கு மேல் இறந்தார். அப்புறம், போன புரதத்தைத் திரும்ப உள்ளே வைக்க முடியாதா?

---

கண்ணாடித்தகடு:

கட்டியின் செல்லில் மரபணு கெட்டிருப்பது வேறு, பிறவியிலேயே உடம்பு முழுக்க அப்படி இருப்பது வேறு. லோபுலாரில் மிகப் பெரும்பாலும் முதல் வகைதான், அது அந்த மார்பகத்தோடு சரி, யாருக்கும் கடத்தப்படாது. பிறவி வகை மிக அரிது. அது தெரிந்த விதமே ஒரு கதை. நியூசிலாந்தில் ஒரு மாவோரி குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே வயிற்றுப் புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தினரே ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார்கள், பாரி கில்ஃபோர்ட் குழுவோடு உட்கார்ந்து வம்சாவளியை எழுதினார்கள், 1998இல் சி.டி.எச்.1 பிழை என்று தெரிந்தது. அந்த வயிற்றுப் புற்றுநோயும் லோபுலார் மாதிரியே, செல்கள் ஒட்டாமல் வயிற்றுச் சுவருக்குள் பரவி நிற்கும், எண்டோஸ்கோப்பியில் எளிதில் அகப்படாது. அதனால் பிழை இருப்பவர்களில் பலர் நோய் வருமுன்னே வயிற்றை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு வரை லோபுலார் மார்பகப் புற்றுநோயும் வரலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

உங்கள் வீட்டுக் கதை அந்த மாதிரி ஒலிக்கவில்லை. இரண்டு மார்பிலும் லோபுலார், அல்லது வீட்டில் மேலே சொன்ன, செல்கள் ஒட்டாமல் விரவி நிற்கும் வகை வயிற்றுப் புற்றுநோய், அல்லது இளவயதில் ஒன்றுக்கு மேற்பட்ட லோபுலார் என்று இருந்தால்தான் சி.டி.எச்.1 பற்றி யோசிப்பார்கள். பெரியப்பா விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள். "வயிற்றில் புண்" என்று நம் வீடுகளில் சொல்வதில் என்னவெல்லாம் அடங்கும் என்று எனக்குத் தெரியும்.

---

ஆய்வகத்து_ஆந்தை:

திரும்ப வைப்பது பற்றி நான். தட்டில் முடியும். 1990களின் தொடக்கத்திலேயே ஈ-கேடெரின் இல்லாத, கண்டபடி ஊடுருவுகிற செல்களுக்குள் அந்த மரபணுவைச் செலுத்தினார்கள், ஊடுருவல் நின்றது. கட்டி அடக்கி என்ற பேச்சே அந்தச் சோதனைகளில்தான் வலுத்தது. மனித உடம்பில் கோடிக்கணக்கான செல் ஒவ்வொன்றுக்குள்ளும் கொண்டுபோய் வைக்க வேண்டும், ஒன்று தப்பினாலும் அது தன் வழியே போகும். பி53-க்கு முயன்றிருக்கிறார்கள், 2003இல் சீனாவில் பி53 மரபணுவைச் சுமந்த ஒரு வைரஸ் மருந்துக்கு, தலை கழுத்துப் புற்றுநோய்க்கு, அனுமதியே கொடுத்தார்கள். கட்டிக்குள் ஊசியாகப் போடுவது, வேறு நாடுகளில் பெரிதாக எடுபடவில்லை.

ஊடுருவலை மட்டும் தனியாக நிறுத்தப் பார்த்த கதை மறுபக்கம் சாருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

---

மறுபக்கம்:

தெரியாமல் என்ன. அடித்தளச் சவ்வைக் கரைக்கும் எம்.எம்.பி. நொதிகளை அடக்க உடம்பிலேயே டிம்ப் என்ற புரதங்கள் இருக்கின்றன. அதே வேலையை மருந்தால் செய்யலாம் என்று 1990களில் பட்டிமஸ்டாட், மரிமஸ்டாட் என்று வரிசையாக வந்தன. எலியில் அற்புதம். நோயாளிகளில் ஆயுள் கூடவில்லை, மூட்டு வலியில் துடித்தார்கள். கொடுக்கப்பட்டவர்களுக்கு ஏற்கெனவே பரவி முடிந்திருந்தது, ஓடிப்போன பிறகு கதவுக்குப் பூட்டு போட்டோம். அந்த நொதிகளில் சில நல்ல வேலையும் செய்கின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பசையைத் திரும்ப வைக்காமலே, பசை இல்லாததைச் சாதகமாக்க முடியுமா என்று இப்போது பார்க்கிறார்கள். ஈ-கேடெரின் இல்லாத செல் பிழைக்க வேறு எதையாவது அதிகமாக நம்பியிருக்கும், அதைத் தடுத்தால் இது மட்டும் சாகும், நல்ல செல் தப்பிக்கும் என்ற எண்ணம். ராஸ்1 என்ற புரதத்தை வைத்து அப்படி ஒரு முயற்சி நடக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, இருந்தாலும் என் வயதில் எதையும் அடித்துச் சொல்வதில்லை. அக்காவுக்கு இன்றைக்கு வேலை செய்யப்போவது ஆபரேஷனும் ஹார்மோன் மாத்திரையும்தான். மாத்திரை வருடக்கணக்கில் போகும், நடுவில் மூட்டு வலிக்கிறது, வியர்க்கிறது என்று நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

உயிரியல்_டீச்சர்:

எழுதி வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை அடுத்த டோக்கன். எம்.ஆர்.ஐ., பெரியப்பா, மாத்திரை, மூன்றும் துண்டுச்சீட்டில். கண்ணாடித்தகடு சார், ஒரு ஆசை, அந்த ஸ்லைடை நாங்கள் பார்க்கக் கேட்கலாமா? கேட்டால் திட்டுவார்களா?

---

கண்ணாடித்தகடு:

கேளுங்கள், திட்ட மாட்டார்கள். எங்களை யாரும் பார்க்கவே வருவதில்லை, வந்தால் சந்தோஷப்படுவோம். காலையில் கேஸ் குவிந்திருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள்.

பார்க்கும்போது முதலில் அக்காவின் நல்ல பால்குழாய் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். அதே ஸ்லைடில் எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும், ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு நிறத்தில் கோலம் போட்ட மாதிரி ஈ-கேடெரின் தெரியும். அது தெரிந்தால்தான் சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறது, பக்கத்தில் நிறமில்லாமல் நீலமாக நிற்கும் சாரை உண்மையிலேயே நெகட்டிவ் என்று நாங்கள் கையெழுத்துப் போடுவோம். உங்கள் பிள்ளைகளுக்கு வரைந்து காட்ட அதைவிட நல்ல படம் கிடைக்காது.